வாப்பாவின் மனுக்களும் என் ஆய்வேடும்

பொதுக் கொள்கையில் கலாநிதிப் பட்டத்துக்குப் பதிவு செய்தபோது நான் எடுத்திருந்த தலைப்பு அதிகாரப் பரவலாக்கம். அது எவ்வளவு பெரிய தலைப்பு என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. என்னை மேற்பார்வை செய்த பேராசிரியைக்குத் தெரிந்திருந்தது. அவர் மலைநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் இருந்தார். நான் கல்முனைக்குத் தெற்கே கடலோர ஊர் ஒன்றில், என் வீட்டு அறையில், மடிகணினிக்கு முன்னால் இருந்தேன். மாதத்துக்கு ஒருமுறை திரையில் சந்திப்போம். நான் எழுதி அனுப்பியதை வாசித்துவிட்டு, "சரி, அதனால் என்ன?" என்று ஆங்கிலத்தில் கேட்பார். அதில் கோபம் இருக்காது. அடுத்த பஸ் எப்போது என்று விசாரிக்கிற குரலில்தான் கேட்பார். நான் அந்தக் கேள்வியைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வேன்.

ஒருநாள் அப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போது நான் எழும்பிப் போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தேன். கொஞ்ச நேரத்தில் மற்ற ஜன்னலையும் சாத்தினேன். என்ன விஷயம் என்று கேட்டார். பக்கத்து வளவில் குப்பை எரிக்கிறார்கள் என்றேன்.

"உங்கள் ஊர்ச் சபை குப்பை எடுப்பதில்லையா?"

"எடுக்கும். இப்போது கொஞ்சக் காலமாக வண்டி வரவில்லை."

"ஏன் வரவில்லை?"

"தெரியாது."

"யாருக்குத் தெரியும்?"

யோசித்துப் பார்த்தேன். அதுவும் தெரியவில்லை.

"அதுதான் உங்கள் ஆய்வு" என்றார் பேராசிரியை. அன்றைக்குத்தான் அவர் முதன்முதலாகச் சிரித்தார்.

நான் அப்போது தகுதிகாண் விரிவுரையாளர். குறித்த காலத்துக்குள் கலாநிதிப் பட்டம் முடிக்காவிட்டால் வேலை நிரந்தரமாகாது. ஆகவே அதிகாரப் பரவலாக்கத்தை விட்டுவிட்டுக் குப்பையைத் தொட்டேன். வீட்டில் இந்தச் செய்தியை யாரும் கொண்டாடவில்லை. உம்மா, "இவ்வளவு படிச்சிப்போட்டு குப்பையா மகள்?" என்று கேட்டார். கல்முனை பஸாரில் இரும்புக் கடை வைத்திருக்கும் என் கணவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "குப்பை எண்டா முடிஞ்சி போற சாமானில்ல, பயப்படாதீங்க" என்றார். அவர் ஆறுதலாகத்தான் சொன்னார்.

விஷயம் இதுதான். எங்கள் ஊர்கள் கடலுக்கும் வயலுக்கும் நடுவில் ஒடுங்கிய மணல் பட்டியில் இருக்கின்றன. மதிலோடு மதில் ஒட்டிய வீடுகள். குப்பை கொட்ட ஊருக்குள் இடமில்லாததால், வயல்களுக்கு அப்பால் காட்டோரத்தில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். அங்கே இருந்தவர்கள் ஒருநாள் வீதியை மறித்தார்கள். குப்பை தின்ன வரும் யானை அத்தோடு போய்விடுவதில்லை, எங்கள் வீட்டுக்கும் வருகிறது என்றார்கள். அதில் நியாயம் இருந்தது. வண்டிகள் திரும்பி வந்தன. அதன்பிறகு போகவில்லை.

ஆய்வின் முதல் பேட்டிக்கு எங்கள் சபையின் செயலாளரிடம் போனேன். மெலிந்த, மரியாதையான மனிதர். பால் விடாத பிளேன்டி வரவழைத்துக் கொடுத்தார். ஒலிப்பதிவுக் கருவியை மேசையில் வைத்துவிட்டு, குப்பை எடுப்பதை நிறுத்தும் முடிவை யார் எடுத்தது என்று கேட்டேன்.

"நிப்பாட்டல்ல மிஸ்" என்றார். "நிண்டுட்டு."

"யாராவது நிப்பாட்டினாத்தானே சேர் நிக்கும்?"

"அப்பிடியில்ல மிஸ். ஒரு கிழம போகல்ல. மறுகா அடுத்த கிழமயும் போகல்ல. மறுகா போகாமலே போயிட்டு."

வீட்டுக்கு வந்து எழுத்தில் பெயர்த்தபோதுதான் கவனித்தேன், அந்த முழுப் பேட்டியிலும் ஒரு செயலையும் ஒருவரும் செய்திருக்கவில்லை. கூட்டம் வைக்கப்பட்டது, இடம் பார்க்கப்பட்டது, விடயம் மேலே அனுப்பப்பட்டது. மேலே இருந்தவரையும் போய்க் கேட்டேன். விடயம் கீழே அனுப்பப்பட்டதாக அவர் சொன்னார். இதை ஆங்கிலத்தில் எழுதியபோது மென்பொருள் ஒவ்வொரு வசனத்தின் கீழும் நீலக் கோடு போட்டு, செய்தவரைக் குறிப்பிடுமாறு ஆலோசனை சொன்னது.

இதற்கிடையில் ஆய்வு முறையியல் பயிற்சிப் பட்டறைக்காகக் கொழும்புக்குப் போய் வந்தேன். இரவு பஸ்ஸில் போய், குளிரூட்டிய மண்டபத்தில் சால்வையைப் போர்த்திக்கொண்டு கேட்டேன். ஆய்வாளர் தன் பங்குபற்றுனர்களிடமிருந்து போதிய தூரத்தைக் காக்கவேண்டும் என்று ஒருவர் நன்றாக விளக்கினார். நானும் அடிக்கோடிட்டு எழுதிக்கொண்டேன். அடுத்த மாதம் சபை ஓர் அறிவித்தல் ஒட்டியது. ஊருக்குள்ளேயே குப்பையைத் தரம்பிரித்துச் சேகரிக்கும் சிறிய நிலையம் ஒன்று அமைக்கப்படும். தெரிவுசெய்யப்பட்ட இடம், எங்கள் வீடிருக்கும் ஒடுங்கிய ஒழுங்கையின் கடைசியில் உள்ள அரச காணி. அதாவது என் வீட்டுக் கேட்டுக்கு நேர் எதிரே.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குரியது. கலியாணத்துக்கு முன்னால் வாப்பா கட்டிக் கொடுப்பார், மாப்பிள்ளை வந்து குடியிருப்பார். பெற்றோர் பின்வளவில் ஒரு சிறு வீடு எழுப்பிக்கொண்டு ஒதுங்கிவிடுவார்கள். என் வாப்பா அப்படி ஒதுங்கியவர்தான். ஓர் அரச கந்தோரில் பிரதம எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவர். அறிவித்தலை வாசித்துவிட்டு வந்து, இஸ்திரி போட்ட சேட்டைப் போட்டுக்கொண்டு ஒழுங்கையில் ஒவ்வொரு வீடாகப் போனார். அஸர் தொழுகைக்குப் பிறகு என் வீட்டு முன்விறாந்தையில் சுற்றாடல் பாதுகாப்புக் குழு உருவானது. வாப்பா தலைவர். என் கணவர் எல்லார் வீட்டிலிருந்தும் பிளாஸ்டிக் கதிரை சுமந்து வந்தார். நான் தேநீர் ஊற்றினேன்.

பேராசிரியைக்கு இதை எழுதி அறிவித்தேன். ஆய்வாளருக்கு நலன் முரண்பாடு ஏற்பட்டுள்ளது, இடத்தை மாற்றவா தலைப்பை மாற்றவா என்று கேட்டிருந்தேன். இரண்டும் வேண்டாம் என்று பதில் வந்தது. 'உங்கள் நிலைப்பாட்டை ஒளிக்காமல் எழுதுங்கள். உங்கள் தந்தையைப் பேட்டி எடுங்கள்.'

பேட்டிக்கு முன் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கவேண்டும். ஒழுக்கநெறிக் குழு அங்கீகரித்த படிவம். மற்றப் பங்குபற்றுனர்கள் எல்லாரும் எங்கே கையெழுத்து என்று மட்டும் கேட்டவர்கள். வாப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் எழுத்திலிருந்து வாசித்தார்.

"'பங்குபற்றுனர் எந்நேரத்திலும் காரணம் கூறாது விலகிக்கொள்ளலாம்.' இது என்ன?"

"விருப்பமில்லாட்டி நடுவில எழும்பிப் போகலாம் வாப்பா."

"காரணம் சொல்லாமலா?"

"ஓம்."

"அது என்ன மரியாத? விலகிறெண்டா காரணத்த எழுதிக் குடுத்துப்போட்டு விலகணும். இத வெட்டு."

"வெட்ட ஏலாது வாப்பா. கொமிட்டி பாஸ் பண்ணினது."

மேலே வாசித்தார். "'பெயர் வெளிப்படுத்தப்படமாட்டாது.' ஏன்?"

"உங்கட பாதுகாப்புக்கு."

"ஆர்ட்ட இருந்து?"

அந்த ஒழுங்கையில் வாப்பாவுக்குத் தீங்கு செய்யக்கூடியவர் உம்மா மட்டும்தான். அதுவும் சீனி வருத்தத்தைச் சொல்லி இனிப்பை மறைத்துவைக்கும் விஷயத்தில் மட்டும்.

"எண்ட பேரப் போடு" என்றார் வாப்பா. "ஒளிச்சி நிண்டு கதைக்கிற பழக்கம் எனக்கில்ல."

போடமுடியாது என்று மெதுவாக விளங்கப்படுத்தினேன். கடைசியில் கையெழுத்துக்கு மேலே, அழகான எழுத்தில், 'எனது ஆட்சேபனைக்கு உட்பட்டு' என்று எழுதி ஒப்பமிட்டார். பங்குபற்றுனர் சுயவிருப்பில்தான் ஒப்புதல் தந்தாரா என்று ஒழுக்கநெறிக் குழு பிற்பாடு விளக்கம் கேட்டது. மிகுந்த சுயவிருப்பில் என்று பதில் எழுதினேன்.

பேட்டி பயன்படவில்லை. கருவியின் சிவப்பு விளக்கு எரிந்ததும் வாப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, "இப்பிரதேசவாழ் மக்களின் சுகாதாரத்தையும் எதிர்காலச் சந்ததியினரின் நல்வாழ்வையும் கருத்திற்கொண்டு" என்று தொடங்கினார். கேட்ட கேள்வி எதுவானாலும் அதே நடையில் பதில் வந்தது. கருவியை நிறுத்தியதும் சாய்ந்துகொண்டு, "அவனுகள்ற மண்டையில ஒண்டுமில்ல மகள். மழ பெய்ஞ்சா அந்தக் காணியில முழங்காலுக்குத் தண்ணி. குப்ப மிதந்து வந்து ஒண்ட குசினிக்குள்ள நிக்கும்" என்றார். இதை எழுதலாமா என்று கேட்டேன்.

"அது கணக்கில்ல. லைட் எரியக்குள்ள சொன்னதுதான் கணக்கு."

பேராசிரியை எழுத்துப்பிரதியை வாசித்துவிட்டு, இவர் ஏன் அரசாங்க வர்த்தமானி போலப் பேசுகிறார் என்று கேட்டார். உண்மையைச் சொன்னேன். பேட்டி கொடுப்பது அவருக்கு அரச கருமம்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு ஆர்ப்பாட்டம் நடந்தது. பதாகையை என் வீட்டுக் கேட்டில்தான் கட்டினார்கள். வேறு உயரமான கேட் அந்த ஒழுங்கையில் இல்லை. நான் ஓர் ஓரத்தில் நின்று, ஆய்வாளர் செய்யவேண்டியபடி, யார் என்ன சொல்கிறார்கள் என்று குறித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் யாரோ படம் எடுத்தார்கள். படம் அன்று பின்னேரமே முகநூலில் வந்தது. 'போராட்டக் களத்தில் பல்கலைக்கழகமும்' என்று கீழே எழுதியிருந்தது. பதாகையின் 'உடனே நிறுத்து' என்ற சொற்களுக்கு நேர்கீழே என் முகம். விருப்பக்குறி போட்டவர்களில் என் துறைத் தலைவரும் ஒருவர்.

அடுத்த கிழமை செயலாளரிடம் இரண்டாம் பேட்டிக்குப் போனேன். பிளேன்டி வந்தது. ஆனால் அவர் கருவியைக் கையால் மெல்ல என் பக்கம் தள்ளினார்.

"மிஸ் எந்தப் பக்கம்?"

"நான் ஆய்வுப் பக்கம் சேர்."

"அப்பிடி ஒரு பக்கம் எங்கட ஃபைலில இல்ல மிஸ்" என்றார் வருத்தத்தோடு.

அன்றைக்கு ஓட்டோவில் திரும்பி வரும்போது எனக்கு அழுகை வந்தது. செயலாளரின் பேட்டிகளை நம்பித்தான் இரண்டு அத்தியாயங்கள் நின்றன. வீட்டுக்கு வந்தால் விறாந்தை நிறைய ஆட்கள். வாப்பா மனுவின் இறுதிப் பிரதியை உரத்து வாசித்துக்கொண்டிருந்தார். 'மக்கள் செறிந்து வாழ்வதும், பள்ளிவாசலுக்கும் பாடசாலைக்கும் அண்மித்ததுமான இவ்விடம் எவ்வகையிலும் பொருத்தமற்றது.' ஆட்கள் தலையாட்டினார்கள். நான் குசினிக்குள் போய்க் கேத்தலை அடுப்பில் வைத்தேன்.

மனு வென்றது. மாதம் ஒன்று போனபின் சபை புதிய அறிவித்தல் ஒட்டியது. பொதுமக்களின் கோரிக்கை கவனத்திற்கொள்ளப்பட்டு வேறு இடம் தெரிவுசெய்யப்பட்டுள்ளது. ஒழுங்கையில் எல்லாரும் வாப்பாவின் கையைப் பிடித்து முஸாபஹா செய்தார்கள். உம்மா கருப்பட்டி போட்டு வட்டிலப்பம் அவித்தார், வாப்பாவுக்கும் ஒரு துண்டு கிடைத்தது. புதிய இடம் எது என்று யாரும் கேட்கவில்லை. பஸாரிலிருந்து பகல் சாப்பாட்டுக்கு வந்த என் கணவர்தான் சொன்னார்.

"எங்கட உம்மாட ஊட்டுக்குப் பின்னாலயாம்."

மாமி, அதாவது என் கணவரின் உம்மா, இரண்டு வீதி தள்ளி இருக்கிறார். அடுத்த நாள் காலையில் ஓட்டோவில் வந்து இறங்கினார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று உம்மா பின்வாசலால் மறைந்துவிட்டார். மாமி சண்டை பிடிக்கவில்லை. கதிரையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, வாப்பாவைக் கூப்பிட்டனுப்பினார்.

"மச்சான், ஒங்கட கடுதாசியில அவனுகள் பயந்துதானாம் இடத்த மாத்தினது. எனக்கும் ஒண்டு எழுதித் தாங்க."

வாப்பா அதில் எந்தச் சிக்கலையும் காணவில்லை. அன்று பின்னேரமே எழுதிக் கொடுத்தார். முதல் மனுவின் பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதியதை நான் பார்த்தேன். ஒழுங்கையின் பெயர் மட்டும்தான் மாறியது. மக்கள் செறிந்து வாழ்வது அங்கும் உண்மை, பள்ளிவாசலும் பாடசாலையும் அங்கும் அண்மையில்தான். எங்கள் ஊரில் அவை அண்மையில் இல்லாத இடம் கடலுக்குள்தான் இருக்கிறது. மாமியின் வளவிலும் ஒரு குழு உருவாகியது. என் கணவர் அதே கதிரைகளை அங்கே சுமந்து போனார். அன்று மனுவை வாங்கிக்கொண்டு போகும்போது மாமி என்னிடம், "மகள், எனக்கிட்டயும் ஒரு பேட்டி எடுங்க. எண்ட பேர போடாட்டியும் பரவால்ல" என்றார். என் பங்குபற்றுனர்களில் ஒப்புதல் படிவத்தோடு முற்றிலும் உடன்பட்டவர் அவர் ஒருவரே.

அந்த மனுவும் வென்றது. இந்தமுறை புதிய அறிவித்தல் ஒன்றும் ஒட்டப்படவில்லை. ஆனால் வண்டி மறுபடி வரத் தொடங்கியது. எங்கே கொண்டுபோகிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. நான் வேலையின் பொருட்டுக் கேட்டேன். சாரதி கடற்கரைப் பக்கம் கையைக் காட்டினார். தோணிகள் இழுத்துவிடும் இடத்துக்கு அப்பால், தகரமும் கிடுகும் போட்ட வீடுகள் கொஞ்சம் இருக்கின்றன. அதற்குப் பக்கத்து வெறும் மணலில் குப்பை கொட்டப்பட்டுக்கொண்டிருந்தது. செயலாளர் சொன்னது தற்காலிகம் என்று.

நான் அதை வைத்து நான்காம் அத்தியாயத்தை எழுதி முடித்தேன். முடிவெடுக்காமல் விடுவதும் ஒரு முடிவுதான், அதன் பாரம் மனு எழுதத் தெரியாதவரின் வாசலில் போய் விழுகிறது என்று அதில் சொல்லியிருந்தேன். பேராசிரியை வாசித்துவிட்டு வழமையான கேள்வியைக் கேட்கவில்லை. நல்லது, அடுத்த அத்தியாயம் எப்போது என்று மட்டும் கேட்டார். அன்று முழுக்க நான் வீட்டில் யார் மேலும் எரிந்து விழவில்லை என்று கணவர் சொன்னார்.

அதற்குப் பிறகுதான் அந்தப் பெண் வந்தார். அஸருக்குப் பிறகான நேரம். வாப்பா முன்விறாந்தையில் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார், நான் மாணவர்களின் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். கேட்டுக்கு வெளியே நின்று, "மனு எழுதுற மாமாட ஊடு இதானே?" என்று கேட்டார். முப்பது வயதிருக்கும். முகம் வெயிலில் கறுத்திருந்தது. உள்ளே வந்தும் கதிரையில் உட்காரவில்லை.

"எங்கட வேலியோட கொட்டுறாங்க மாமா. ஈ. சோத்த மூடி வெச்சிரிந்தாலும் ஈ. புள்ளக்கி ஒரே வயித்தால போகுது. எண்ட மனிசன் கடலுக்குப் போனா வர நாளாகும். ஆர்ட்டப் போய்ச் சொல்றெண்டு தெரியல்ல. ஒங்கட்டச் சொன்னா நடக்குமெண்டாங்க."

வாப்பா பத்திரிகையை மடித்து வைத்தார். அவர் முப்பத்தைந்து வருடம் அரச கந்தோரில் இருந்தவர். ஒரு ஃபைல் ஓரிடத்திலிருந்து எழும்பினால் எங்கே போய் உட்காரும் என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. ஊருக்குள் பார்க்கப்பட்ட இடங்கள் இரண்டுதான். கேட்டுக்கு எதிரே இருந்த அரச காணியைப் பார்த்தார். அதில் யாருடையவோ ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஒண்ட ஆராய்ச்சியில என்ன சொல்லுது? எங்க வெச்சாச் சரி?"

நான் ஆய்வு தொடங்கிய நாளிலிருந்து அதன் முடிவு என்னவென்று என்னிடம் கேட்ட முதல் ஆள் என் வாப்பா. பேனையைக் கீழே வைத்தேன்.

"எங்க வெச்சாலும் ஒரு ஊட்டுக்கு முன்னாலதான் வாப்பா வரும். காணிய உசத்தி, கூரை போட்டு, பிரிச்சி, தேங்காம அள்ளினா எங்க வெச்சாலும் நாறாது. அள்ளாட்டி எங்க வெச்சாலும் நாறும். பாத்த இடங்களுக்குள்ள இதுதான் பெரிய காணி. லொறி திரும்பவும் வசதி."

"எது?"

"நம்மட முன் காணி."

"அப்ப இஞ்ச வெக்கலாமெண்டு எழுதியிரிக்கியா?"

"ஓம் வாப்பா."

"எங்க?"

"நாலாம் அத்தியாயத்தில."

"எனக்கிட்ட ஏன் சொல்லல்ல?"

"நீங்க கேக்கல்ல."

குசினியிலிருந்து உம்மா வாப்பாவை இரண்டு தரம் கூப்பிட்டார். அந்தப் பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். நாங்கள் என்ன கதைக்கிறோம் என்று அவருக்கு விளங்கியிருக்காது. வாப்பா கோபித்தால் கத்தமாட்டார், நாள்கணக்கில் மரியாதையாகக் கதைப்பார். அதை நினைத்துத்தான் பயந்தேன்.

"இரி புள்ள" என்று அந்தப் பெண்ணுக்குக் கதிரையைக் காட்டினார் வாப்பா. "பேர், அடையாள அட்டை நம்பர், வேலியில இருந்து எவ்வளவு தூரத்தில கொட்டுறானுகள், எல்லாத்தையும் சொல்லு. மகள், பேப்பர் எடு."

மூன்றாவது மனு முந்திய இரண்டையும் பார்த்து எழுதப்படவில்லை. அது நீளமாக இருந்தது. கடற்கரையில் கொட்டுவதை நிறுத்தவேண்டும் என்பதோடு நிற்காமல், முதலில் தெரிவுசெய்த காணியையே எடுக்கலாம் என்றும் சொன்னது. அதற்கு நிபந்தனைகள் இருந்தன. காணியை உயர்த்தவேண்டும், கூரையும் மதிலும் வேண்டும், எரிக்கக்கூடாது, தேங்கவிடக்கூடாது. நிபந்தனைகளைச் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். இரண்டு மூன்று இடங்களில் என் அத்தியாயத்தின் வசனங்கள் அப்படியே இருந்தன. மேற்கோள் குறி போடவில்லை.

குழுவில் பெரிய குழப்பம். தலைவரே ஊரை விற்றுப்போட்டார் என்றார்கள். அன்று வாப்பா விறாந்தையில் எழும்பி நின்று தன் பதவி விலகலை வாசித்தார். காரணங்கள் இலக்கமிடப்பட்டிருந்தன. பக்கத்து வீட்டுக்காரர் கொஞ்சக் காலம் ஸலாமுக்குப் பதிலை வாய்க்குள் சொன்னார். உம்மா இரண்டு நாள் வாப்பாவோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் சீனி மருந்து குடித்தாரா என்று கேட்டார், அதோடு சரியாகிவிட்டது.

சபை வாப்பாவின் மனுவைக் கவனத்திற்கொண்டது. நிலையம் எங்கள் கேட்டுக்கு எதிரே கட்டத் தொடங்கியபோது நான் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தேன்.

வாய்மொழிப் பரீட்சை மலைநாட்டில் நடந்தது. மழை. பரீட்சகர்கள் மூவர். கோட்பாட்டில் நான் பயந்த ஒன்றையும் அவர்கள் கேட்கவில்லை. வெளியிலிருந்து வந்த பரீட்சகர் ஒரு பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, "எதிர்ப்புக் குழுவின் தலைவர் ஒரு விசித்திரமான ஆள்" என்றார். "அவர் முதலில் ஏன் எதிர்த்தார், வென்ற பிறகு அதைத் தன் வாசலுக்கே ஏன் வரவழைத்தார்? இரண்டுக்கும் இங்கே விளக்கம் இல்லை. அவரை மீண்டும் சந்திக்க முடியுமா?"

முடியும் என்றேன். என் பேராசிரியை மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திருத்தங்களுக்கு உட்பட்டுச் சித்தியடைந்ததாக முடிவு சொன்னார்கள்.

ஊருக்கு வந்ததும் கருவியை எடுத்துக்கொண்டு பின்வளவுக்குப் போனேன். வாப்பா சேட்டை மாற்றப் போனார். தேவையில்லை என்றேன். விளக்கைப் பார்த்து நிமிர்ந்தார். நான் கருவியை நிறுத்தி மடியில் வைத்துக்கொண்டேன்.

"பரீட்சையில கேக்குறாங்க வாப்பா. முதல்ல ஏன் எதிர்த்தீங்க?"

"சுகாதாரம்."

"வாப்பா."

வேலியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார். "ஒண்ட கலியாணம் பேச வந்தாங்களே. ஒழுங்கையில கடைசிக் காணி. அதுக்கங்கால வெறும் பத்தக்காடு. மாப்பிள்ளைட வாப்பா ஒரு மாதிரிப் பாத்தார். நான் சொன்னன், முன்னால அரச காணி, ஒருத்தரும் ஊடு கட்ட ஏலாது, காலம் பூரா கடல் காத்து நேர வந்து அடிக்குமெண்டு. அத நம்பித்தான் சம்மதிச்சாங்க. அதில குப்பையக் கொண்டுவந்து வெச்சா நான் பொய் சொன்னவனா ஆகிறன்தானே?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. பதினைந்து வருடத்துக்கு முன் சொன்ன ஒரு வார்த்தைக்காக அவர் ஒழுங்கை முழுவதையும் திரட்டியிருந்தார்.

"அப்ப அந்தப் புள்ள வந்தப்ப ஏன் எழுதிக் குடுத்தீங்க?"

"வந்து கேட்டா. இல்லையெண்டு சொல்றெண்டா ஒரு காரணம் எழுதணுமே. யோசிச்சிப் பாத்தன், எழுதுறாப்போல காரணம் ஒண்டும் வரல்ல."

பிறகு, மனுவைக் கொடுக்குமுன் மாமி வீட்டுக்குப் போய், கலியாணப் பேச்சில் சொன்ன காற்றை இனித் தன்னால் உறுதிப்படுத்த முடியாது என்று அறிவித்துவிட்டு வந்ததாகச் சொன்னார். மாமி என்ன சொன்னார் என்பதை என் கணவர் வாயால்தான் பிறகு கேட்டேன். "காத்தா? அண்டைக்கி எங்களுக்குப் பசி மச்சான். எப்ப சாப்பாடு வருமெண்டு பாத்துக்கிட்டிரிந்தம். நீங்க கதைச்ச ஒண்டும் காதில ஏறல்ல" என்றாராம். இதைக் கேட்டு வாப்பா ஆறுதல் அடைந்தாரா, மனம் நொந்தாரா என்று கணவருக்குச் சொல்லத் தெரியவில்லை. எனக்கும் தெரியாது. நான் அவரிடம் கேட்கவில்லை.

திருத்திய பிரதியில் முதலாவது காரணம் 'சொத்தின் பெறுமதி தொடர்பான கரிசனை' என்றும், இரண்டாவது 'நடைமுறைசார் நியாயம்' என்றும் பதிவானது. பரீட்சகர் திருப்தி தெரிவித்தார். எழுதிய எனக்குத்தான் அந்தப் பக்கத்தைத் திரும்ப வாசிக்க விருப்பமில்லை. பட்டம் கிடைத்தது, வேலை நிரந்தரமானது. உம்மா நேர்ந்திருந்தபடி பள்ளிவாசலுக்குக் கஞ்சி கொடுத்தார்.

நிலையம் இப்போது நடக்கிறது. மாரியில் சிலநாள் லொறி பிந்தும், அன்றைக்கு மணம் வரும். வாப்பா சபைக்குத் தொலைபேசி எடுத்து, முழுப்பெயரையும் பழைய பதவியையும் சொல்லி, ஏன் வரவில்லை என்று கேட்பார். அனேகமாக அடுத்த நாள் வந்துவிடும். கடற்கரைப் பெண்ணுக்கு அங்கே போத்தலும் பொலித்தீனும் பிரிக்கிற வேலை கிடைத்திருக்கிறது. விண்ணப்பம் வாப்பா எழுதியது. கணவன் கடலிலிருந்து வந்திருக்கும் நாட்களில் அவர் கேட்டருகே வந்து ஒரு பையில் மீன் நீட்டுவார். வாப்பா வாங்கமாட்டேன் என்பார். இருவரும் கொஞ்ச நேரம் வாதாடுவார்கள். அதற்குள் உம்மா உள்ளே இருந்து வந்து பையை வாங்கிக்கொண்டு, இது சூரையா கெளவல்லனா என்று கேட்டுக்கொண்டே குசினிக்குப் போய்விடுவார்.